ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு ஊர்!

ஹாங்காங் போனா டிஸ்னிலேண்ட், பீக் டிராம், ஷாப்பிங்னு லிஸ்ட் போட்டு வெச்சிருப்பீங்க. அதையெல்லாம் சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க. ஞாயிறு காலையில சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கி, சாட்டர் ரோடு பக்கம் நடங்க. அங்கே ஒரு ஊர் இருக்கு. எந்த மேப்லயும் அதுக்குப் பேர் கிடையாது!

வார நாட்களில் கோட்டும் டையுமாகப் பறக்கிற வங்கிக்காரர்களின் ஏரியா அது. ஞாயிறு அன்று சாட்டர் ரோட்டில் வண்டிகளுக்கு நோ என்ட்ரி. ரோடு, பக்கத்து ஸ்டேச்யூ சதுக்கம், நடைமேம்பாலம்... எங்கே பார்த்தாலும் அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சு ஆயிரக்கணக்கில் பெண்கள்! நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த, 1985-ல் கட்டி முடித்த எச்.எஸ்.பி.சி. வங்கிக் கட்டடத்துக்கு அடியில் திறந்தவெளித் தளம் உண்டு. மேலே கோடிகள் புரளும். கீழே சீட்டுக்கட்டு, நெயில் பாலிஷ், டப்பாவில் சோறும் அடோபோ கறியும்!

கொஞ்சம் காது கொடுங்க... யாரோ யாரையோ ‘அத்தே’னு கூப்பிடுவாங்க. நம்ம அத்தை இல்லீங்க. தகாலோக் மொழியில் அது அக்கா!

இவங்க பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்கள். ஹாங்காங்கில் மட்டும் சுமார் 2 லட்சம் பேர். இந்தோனேசியப் பெண்கள் கூடுவது தனியாக, விக்டோரியா பார்க்கில்.

ஏன் ரோட்டில் உட்காரணும்? வேற இடம் இல்லை, அதான். வேலை பார்க்கிற வீட்டிலேயே தங்கியாகணும் என்பது 2003-லிருந்து சட்டம். ஹாங்காங் வீடுகளோ தீப்பெட்டி சைஸ். பலருக்குத் தனி ரூம் கிடையாது. குழந்தைகளோடு ஒரு பெட்டில் படுக்கிறவங்களும் உண்டு. ஏழு நாளுக்கு ஒரு நாள் லீவு. அன்னிக்கு வீட்டில் இருந்தா, ‘இதைக் கொஞ்சம் எடுத்துக் குடு’னு ஒரு குரல் வரும். அதனால ரோடுதான் ஹால், ரோடுதான் பெட்ரூம், அட்டைப்பெட்டிதான் சுவர்!

ஆறு நாள் ‘ஹெல்ப்பர்’. ஏழாவது நாள் ஆளே வேற. இலோகோஸ் பக்கத்து ஆட்கள் ஒரு மூலை, விசயாஸ் தீவுக்காரங்க ஒரு மூலை. டான்ஸ் ரிகர்சல், பைபிள் வகுப்பு, ஏன்... அழகிப் போட்டிகூட நடக்குது! அதை வெச்சு பேபி ரூத் வில்லராமா எடுத்த ‘சண்டே பியூட்டி குயின்’ டாகுமென்டரி, 2016 மெட்ரோ மணிலா விழாவில் சிறந்த படமாக ஜெயிச்சது. சைசா பகானி என்ற பெண் இங்கே வீட்டு வேலை செய்துகொண்டே, முதலாளியம்மாவிடம் கடன் வாங்கி கேமரா வாங்கினார். இன்னைக்கு உலகம் அறிந்த போட்டோகிராஃபர்.

அப்படியே வேர்ல்ட்-வைட் ஹவுஸுக்குள்ள நுழைஞ்சு பாருங்க. மினி மணிலா! பணம் அனுப்ப நீளமான க்யூ. சோப்பு, சாக்லேட், டவல், பிள்ளைகளுக்கு ஷூனு திணிச்சு ‘பாலிக்பாயன்’ பெட்டிகள் கப்பலேறும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 4,990 ஹாங்காங் டாலர். அதில்தான் ஊரில் ஒருத்தன் காலேஜ் ஃபீஸ் கட்டறான். உங்க வயசுப் பையன்தான் பாஸ்!

1974-ல் மார்கோஸ் ஆட்சி கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்தோடு, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது அரசாங்கக் கொள்கையாகவே ஆச்சு. 1988-ல் அதிபர் கொரசோன் அக்கினோ ஹாங்காங் வந்து, இவங்களை ‘புதிய வீரர்கள்’னு புகழ்ந்தார். ஊரில் வீரர் பட்டம் ஓகே. வந்த நாட்டில்?

சாதாரணமா, வெளிநாட்டுக்காரர் 7 வருஷம் தொடர்ந்து ஹாங்காங்கில் வாழ்ந்தா நிரந்தரக் குடியுரிமை கேட்கலாம். வீட்டுப் பணியாளர் மட்டும் கேட்க முடியாது! 1986-ல் வந்த வலேஹோஸ் என்ற பெண் கோர்ட்டுக்குப் போனார். 2011-ல் ஜெயித்தார். 2012-ல் மேல்முறையீட்டில் தோற்றார். 2013 மார்ச்சில் உச்ச கோர்ட்டும் கைவிரிச்சிடுச்சு. இவங்க தங்குறது ‘சாதாரணக் குடியிருப்பு’ கணக்கில் வராதாம். 27 வருஷம் ஒரு ஊரில் வாழ்ந்தவர், சட்டப்படி அங்கே ‘வாழவே’ இல்லை! இன்னைக்கும் அதுதான் நிலைமை. கான்ட்ராக்ட் பாதியில் முறிஞ்சா, இரண்டே வாரத்தில் பெட்டி கட்டணும்.

ஆக, இங்கே வளர்ற குழந்தைக்குச் சோறு ஊட்டலாம், ஸ்கூலுக்குக் கூட்டிப் போகலாம். ஊர்க்காரி ஆக மட்டும் முடியாது. அதனால்தான் வாரம் ஒரு நாள், அட்டைப்பெட்டியால் தங்களுக்குன்னு ஒரு ஊர் கட்டறாங்க.

போனீங்கன்னா டக்குனு கேமராவை நீட்டாதீங்க. அது அவங்க வீட்டு ஹால். ‘குமுஸ்தா’னு நலம் விசாரிங்க, பேரைக் கேளுங்க. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவங்க பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கு!