கெக்கில் எவ்வளவு மிச்சம்?

மார்ச் 2, 2024, சனி, போர்ட்லண்ட்

வீட்டில் காய்ச்சிய பேல் ஏல் பியர் இன்று சொல்லாமல் கொள்ளாமல் தீர்ந்தது. நண்பன் நீட்டிய கிளாஸில் பாதி நுரை, மீதி காற்று. "ஏன் மச்சான், தூக்கிப் பார்த்தா தெரியாதா?" என்கிறான். தெரியும். ஆனால் ஃபிரிட்ஜுக்குள் குனிந்து, காஸ் குழாயையும் பியர் குழாயையும் கழற்றி, கெக் என்கிற எஃகு உருளையை அசைத்துப் பார்க்கவேண்டும். அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் கலங்கினால் அன்றைக்குக் குடித்த மாதிரிதான். வெளியே சுடுதண்ணீர் ஊற்றித் தடவிப் பார்ப்பதும் ஒரு வழி: பியர் இருக்கும் மட்டம் வரை சில்லென்று இருக்கும். ஊரில் காஸ் சிலிண்டருக்கு ஈரத்துணி சுற்றிப் பார்ப்போமே, அதே வித்தைதான். ஆனால் தினமும் யார் செய்வது? ஒரு கருவி செய்துவிடலாம் என்று முடிவு.

மார்ச் 3, ஞாயிறு

முதலில் நினைத்தது பாய்வுமானி. ஒய்எஃப்-எஸ்201 சல்லிசான விலை. உள்ளே சின்னச் சக்கரம், அதில் காந்தம். லிட்டருக்குச் சுமார் 450 துடிப்பு. எண்ணிக் கழித்தால் மிச்சம் வந்துவிடும். காகிதத்தில் மட்டும். நுரையும் சக்கரத்தைச் சுற்றும், கசிந்து போனது கணக்கில் வராது. போதாக்குறைக்கு அந்தச் சக்கரம் பியரிலேயே ஊறிக் கிடக்கும். ஒவ்வொரு முறை குழாய் கழுவும்போதும் அதன் இண்டு இடுக்கையும் கழுவவேண்டும். வேண்டவே வேண்டாம்.

எடை போடுவதுதான் சரி. கார்னி கெக் 5 கேலன், அதாவது 18.9 லிட்டர் பிடிக்கும். குளிர்பானச் சிரப்புக்காகச் செய்த உருளை. குளிர்பானக் கம்பெனிகள் கழித்துக் கட்டியதை வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காலியாக ஏறக்குறைய 4 கிலோ. நிறைந்தால் 23 கிலோ.

மார்ச் 6, புதன்

சாமான் வந்துவிட்டது. குளியலறை எடை மெஷினில் இருக்குமே, அந்த 50 கிலோ லோட் செல் நான்கு. எச்எக்ஸ்711 போர்டு ஒன்று, வைஃபை உள்ள இஎஸ்பி8266 ஒன்று.

ஒவ்வொரு செல்லிலும் மூன்று வயர். எந்த நிறம் எதற்கு என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நம்பக்கூடாது. மல்டிமீட்டரை வைத்து, எந்த இரண்டுக்கு நடுவே ஓம் அதிகமோ அவை முனைகள், மிச்சம் நடு வயர் என்று பிரித்துக்கொண்டேன். நான்கையும் சேர்த்தால் தடை மாற்றத்தை மின்னழுத்தமாகக் காட்டும் ஒரு வீட்ஸ்டன் பாலம். கல்லூரி லேபில் மார்க்குக்காகச் செய்தது; இப்போதுதான் உபயோகப்படுகிறது.

கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. 200 கிலோ முழுச் சுமைக்கே பாலம் தருவது 5 மில்லிவோல்ட்தான். ஒரு அமெரிக்கப் பைன்ட் 473 மில்லி, பியரில் 480 கிராம் வரும். அப்படியென்றால் ஒரு கிளாஸ் ஊற்றினால் மாறுவது சுமார் 12 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் பன்னிரண்டு பங்கு. எச்எக்ஸ்711 இதை 128 மடங்கு பெருக்கி 24 பிட் எண்ணாக்கித் தருகிறது. இந்த விலைக்கு இப்படி ஒரு சில்லு கிடைப்பது அநியாயம்.

மார்ச் 9, சனி

கெக் நிற்கும் மேடைக்குப் பிளைவுட் வெட்டப் போனவன் நிறுத்தினேன். ஃபிரிட்ஜின் ஈரத்தைக் குடித்துப் பிளைவுட்டே கனக்கும். சமையலறையிலிருந்த பெரிய பிளாஸ்டிக் வெட்டுப்பலகை அளவெடுத்த மாதிரி இருந்தது. "அது காய் நறுக்குற பலகைங்க" என்றாள் மனைவி. புதிதாக இரண்டு வாங்கித் தருவதாக ஒப்பந்தம்.

செல்லைப் பொருத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. விளிம்பு பலகையோடு சேரவேண்டும். நடுவிலுள்ள நாக்கு மட்டும் ரப்பர் பாதத்தின் வழியே கீழே ஊன்றவேண்டும். நாக்கு வளைய இடமில்லாவிட்டால் எடையே காட்டாது. காலி கெக்கை வைத்துப் பூஜ்யமாக்கி, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி அளவு திருத்தினேன். பிறகு புதுப் பியர் நிரப்பிய கெக்கை மேடையோடு உள்ளே ஏற்றியாயிற்று.

ஃபிரிட்ஜின் இரும்பு உடம்புக்குள் வைஃபை திணறுகிறது. இஎஸ்பி வெளியே, கதவு ரப்பருக்கு நடுவே தட்டையான கேபிள். எச்எக்ஸ்711 மட்டும் செல்களுக்குப் பக்கத்திலேயே. அவ்வளவு சின்ன சிக்னலை நீள வயரில் இழுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

மார்ச் 10, ஞாயிறு

இரவு ஓடிய வரைபடத்தில் இரண்டு மணிக்கும் மூன்றுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாள்! பழுது கருவியில் இல்லை, நாட்டின் சட்டத்தில்.

மற்றபடி கோடு அலையலையாக ஏறி இறங்குகிறது. கம்ப்ரெசர் ஓடும்போது ஒரு பக்கம், நின்றால் மறுபக்கம். ஆட்டம் முப்பது நாற்பது கிராம். குளிருக்கும் சூட்டுக்கும் செல்லின் தடை மாறுவதால் வருவது. வெப்பமானி வைத்துத் திருத்தலாம். எதற்கு? ஒரு கிளாஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏலுக்குள் கரையப்போகும் கார்பன் டைஆக்சைடே கணக்குப்படி அறுபது கிராம்தான். அதை இந்த மேடையில் பார்க்க நினைப்பது பேராசை.

மார்ச் 13, புதன்

பியரைத் தள்ளும் காஸ் சிலிண்டருக்கும் இதே கதை. உள்ளே கார்பன் டைஆக்சைடு திரவமாக இருக்கும்வரை அழுத்தமானியின் முள் நகராது. திரவம் தீர்ந்ததும் மளமளவென்று விழும். முள்ளைப் பார்த்துத் தைரியமாக இருந்தவர்கள் பலர். நல்லவேளை, காலி எடை சிலிண்டர் கழுத்திலேயே பொறித்திருக்கிறது. அதற்கும் ஒரு மேடை தேவை.

மார்ச் 16, சனி

ப்ரோக்ராம் முடிந்தது. சில வினாடி அளவுகளை வரிசைப்படுத்தி நடுமதிப்பை மட்டும் எடுக்கிறது. கதவை அறைந்தாலும் எண் துள்ளுவதில்லை. பியர் குழாய் விறைப்பாக நின்று கெக்கைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஒரு சுற்று தொய்வு விட்டதும் சரியானது.

திரையில் லிட்டர் வேண்டாம், தசமமும் வேண்டாம். "31 கிளாஸ்", அவ்வளவுதான். இரண்டு தசமம் போட்டால் பார்க்கப் பெருமையாக இருக்கும், ஆனால் முப்பது நாற்பது கிராம் ஆட்டத்தில் அது பொய்.

வருட மொத்தமும் தானே சேர்கிறது. 1978-இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயதுவந்த இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். சரியாக 40 கெக். நாங்கள் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை.

சிலிண்டர் மேடைக்கு இன்னொரு எச்எக்ஸ்711 ஆர்டர் செய்தாயிற்று. இந்த ஊர் பாரில் ஒரு பைன்ட் பியருக்குக் கொடுப்பதைவிட விலை குறைவு.