சத்தமில்லாத புல்லட்

எங்கப்பா 1984-ல் பருத்தி வித்த காசுல வாங்கின 350 சிசி புல்லட். வார்ப்பிரும்பு இன்ஜின். போன மாசம் 'டிக் டிக்'னு சத்தம் கூடிப்போச்சு. கோவில்பட்டியில ஒரு கடையில விட்டேன். சத்தத்தைச் சுத்தமா நிறுத்திக் கொடுத்தாங்க. சந்தோஷமா உளுந்து விதையைக் கட்டிக்கிட்டு கிளம்பினா, எட்டயபுரம் ரோட்டுல சூடேறினதும் இழுவை இல்லை, நிறுத்தினா ஆஃப் ஆகுது.

"இன்ஜினைப் பிரிக்கணும் அண்ணாச்சி, பன்னிரண்டாயிரம் ஆகும்"னாங்க அதே கடையில. புரட்டாசி விதைப்புக்கு வச்சிருந்ததே அவ்வளவுதான். ராத்திரி தூக்கமில்லை.

விடிஞ்சதும், இன்ஜின் ஆறிக் கிடக்கையிலேயே வலப்பக்க டாப்பெட் மூடியைக் கழட்டினேன். கம்ப்ரெஷன்ல பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தா, வால்வைத் தூக்கிவிடுற புஷ்ராடு ரெண்டும் விரலுக்கு லேசா சுத்தணும், மேலகீழ ஆடக்கூடாது. அப்பா காட்டிக்கொடுத்தது. எக்ஸாஸ்ட் ராடு அசையவே மாட்டேங்குது! சத்தத்தை அடக்க இறுக்கியிருக்காங்க. இறுக்கினா, சூட்டுல வால்வு முழுசா மூடாது, கம்ப்ரெஷன் கசியும்; நாள்பட்டா வால்வே எரிஞ்சுபோகும். சத்தம் போடுற டாப்பெட்டாவது சொல்லிக்கிட்டுக் கெடும்.

ரெண்டு ஸ்பேனர், அரை மணி நேரம். நாலாவது உதையில பிடிச்சுக்கிட்டது. லேசா டிக் டிக் கேக்குது, கேட்டுட்டுப் போகட்டும். புதன்கிழமை விதைப்பு.