அம்மா ரோட்டைக் கடக்கணும்!

பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவர்களுக்கு விடியல் என்பது சூரியனோடு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. முதல் நாள் சாயங்காலமே பறித்து, ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்த வெண்டைக்காயைத் தூக்கிக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிட வேண்டும். கேரளாவுக்கு லோடு போகிற சந்தை அது. ஓணம் நெருங்கினால் சாம்பாருக்கும் அவியலுக்கும் வேண்டியதெல்லாம் இங்கிருந்துதான் புளியரை வழியாக மலை இறங்கும்.

அந்த அம்மாவுக்கு 61 வயது. பக்கத்துக் கிராமம். பத்து சென்ட், இருபது சென்ட் என்று துண்டு துண்டாகக் குத்தகைக்கு எடுத்து வெண்டை, கத்தரி போடுகிறவர். முப்பது வருடங்களாக ஒரே வழக்கம். மினி பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்குவார். கடகப்பெட்டியைத் தலையில் ஏற்றுவார். ரோட்டைக் கடப்பார். அவ்வளவுதான்.

கடைசியாகச் சொன்னதில்தான் சிக்கல்.

திருநெல்வேலி - தென்காசி சாலை நான்கு வழிச் சாலை ஆனதில் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தென்காசி தனி மாவட்டம் ஆன 2019-க்கு முன்பு, கலெக்டரைப் பார்க்க நெல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் முழுசாக முடிந்துபோன கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ரோடு அகலமானது நல்லதுதான். ஓரத்தில் நின்ற மரங்கள் போனதில் மட்டும் பெரியவர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால், ரோடு அகலமானால் கடக்கவேண்டிய தூரமும் அதிகமாகும் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு வழித்தடம் சேர்ந்தால் ஒரு பக்கம் ஏழு மீட்டர். நல்ல திடமான ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். ஆறு நொடியில் கடந்துவிடுவார். மூட்டுவலியோடு, தலையில் கடகப்பெட்டியோடு நடக்கிற அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. கிட்டத்தட்ட ஒன்பது நொடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் அந்த ஒன்பது நொடிக்குள் 150 மீட்டர் வந்துவிடும். அதாவது, அம்மா கால் எடுத்து வைக்கும்போது தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த கார், அவர் நடுத்திட்டைத் தொடும்போது பக்கத்தில் நிற்கும். நின்றால் நல்லது.

அன்றைக்கு வந்தது கார் இல்லை, பைக். ஆனி மாசக் கடைசி. குற்றாலத்தில் சாரல் கட்டி, அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்த சமயம். அந்த நாட்களில் இந்த ரோட்டில் வண்டிகள் குறையவே குறையாது. கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிமார் வரும்போதும் அப்படித்தான். இடுப்பு எலும்பு முறிந்தது. வெண்டைக்காய் ரோடெல்லாம் சிதறியது. பைக் ஓட்டிவந்த பையன் ஓடிப்போகவில்லை. அவன்தான் ஆட்டோ பிடித்தான். அதனால் அம்மா அவனைத் திட்டுவதில்லை. ''பாவம், அவனும் சின்னப் பிள்ளை'' என்பதோடு சரி.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் செத்துப்போன பாதசாரிகள் 32,825 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. இடுப்பு உடைந்து பிழைத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

தகவல் போனது சென்னை தி.நகருக்கு. மகள் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை பார்க்கிறார். பதினெட்டு வயதில் போனவர். தி.நகர் கடைகளில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய என்பது ஊரறிந்த விஷயம். சம்பளத்துக்கு லீவு வெட்டு என்று தெரிந்தும் அன்று ராத்திரியே பொதிகை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே வந்தார். தென்காசியில் இறங்கி, நேராக ஆஸ்பத்திரி.

நிற்பது அவருக்குப் புதிதில்லை. கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டேதான் வேலை. ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் உட்கார ஓர் இடம் கண்டுபிடித்திருந்தார். பாண்டி பஜார்.

அந்த இடத்தின் முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. சாலையின் பெயர் தியாகராய சாலை. அவர் சென்னைக்குப் போன புதிதில் அங்கே நடப்பதே ஒரு வித்தைதான். நடைபாதையில் கடைகள், ரோட்டில் கார்கள், நடுவில் ஜனங்கள். 2013-ல் நடைபாதை வியாபாரிகளைத் தனி வளாகத்துக்கு மாற்றினார்கள். அந்த வியாபாரிகள் எல்லோருமே சந்தோஷமாகப் போனார்கள் என்று சொல்ல முடியாது. தெருவில் போகிறவர் கண்ணில் படுவதுதானே தெருக்கடையின் முதல்? நடைபாதை யாருக்கு என்று பேசும்போதெல்லாம் அங்கே உட்கார்ந்து பிழைத்தவர்களின் பங்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பிறகு ஒருநாள், ரோட்டின் ஒரு பகுதியைத் தடுப்பு வைத்து மறித்துவிட்டார்கள். என்ன ஏது என்று கடைப்பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கார் ஓடுகிற இடத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். 'டிரையல் பார்க்கிறாங்களாம்' என்றார்கள்.

அந்த டிரையலுக்குப் பின்னால் மாநகராட்சியோடு சேர்ந்து வேலை பார்த்தது ஐ.டி.டி.பி. என்கிற தொண்டு நிறுவனம். 1985-ல் அமெரிக்காவில் ஆரம்பித்து, நிகராகுவாவுக்கு சைக்கிள் அனுப்பிய ஆட்களிடமிருந்து வளர்ந்த அமைப்பு. அதன் இந்தியப் பிரிவு சென்னையிலிருந்து இயங்குகிறது. 2014-ல் சென்னை மாநகராட்சி 'மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை'யை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவிகிதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் கொள்கை அது. அதை உருவாக்குவதிலும் இவர்கள் பங்கு உண்டு. கொள்கையில் இருக்கும் 60 எல்லா வருடமும் ரோட்டுக்கு இறங்கி வந்ததா என்பது வேறு கதை.

கான்கிரீட் போட்ட பிறகு இடிப்பது கஷ்டம். கயிறும் தடுப்பும் வைத்துப் பார்த்தால் தப்பு தெரிந்ததும் எடுத்துவிடலாம். டிரையலின் சூட்சுமம் அவ்வளவுதான். 'கார் நிறுத்த இடம் இல்லைன்னா கஸ்டமர் எப்படி வருவாங்க?' என்ற பயம் வியாபாரிகளுக்கு இருந்தது. மகள் வேலை பார்த்த கடையிலும் சூப்பர்வைசர் அதையேதான் சொன்னார். சேலை செக்‌ஷன் பெண்களுக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. வருகிற கஸ்டமரில் பாதிப் பேர் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிறவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கட்டைப்பை பிடித்து விரலில் விழுந்த தடத்தைப் பார்த்தாலே தெரியுமே!

அந்தச் சமயத்தில் கையில் அட்டையோடு சில இளைஞர்கள் ரோட்டோரம் நின்று எதையோ எண்ணிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். 'என்ன தம்பி எண்ணுறீங்க?' என்று கேட்டதற்கு, 'நடந்து போறவங்களை எண்ணுறோம்க்கா' என்றான் ஒருவன். இதையெல்லாமா எண்ணுவார்கள் என்று அன்றைக்கு ஆச்சர்யமாக இருந்தது.

2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதை, மர நிழல், உட்கார பெஞ்ச். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்த முதல் மதியத்தை இன்னமும் சொல்வார். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, யாராவது எழுப்புவார்களோ என்று பயந்து பயந்து சாப்பிட்டாராம். யாரும் எழுப்பவில்லை. அதற்குப் பிறகு நடைபாதையில் பைக் ஏறி நிற்க ஆரம்பித்ததையும், பெயர்ந்த கற்களையும் பார்த்தவர்தான். அதற்காக அந்த பெஞ்சை விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்கு வந்த பத்தாவது நாளே, ''சந்தைக்கு எப்பட்டி போவலாம்?'' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மகளுக்குக் கோபம் வந்தது. ''எம்மா, மொதல்ல ரோட்டக் கடக்க வழி இருக்கான்னு பாரு'' என்றார். சொன்ன வார்த்தை அவரையே பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் அம்மாவின் பல்லாங்குழி டப்பாவிலிருந்து புளியங்கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். ரோட்டைக் கடக்கிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு கொட்டை. ஒரு மணி நேரம் முடிவதற்குள்ளேயே மடி காலி. சுமை வைத்திருந்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கம்பு ஊன்றியவர்கள் என்று பிரித்து எண்ணியிருக்கலாமே என்று பிறகுதான் தோன்றியது. அடுத்த நாள் புளியங்கொட்டையோடு சோளமும் மொச்சையும் போயின. டீக்கடை அண்ணாச்சி முதலில் சிரித்தார். மூன்றாம் நாள், ''தாயி, நீ வாரதுக்கு முன்ன ரெண்டு பஸ் ஆளு எறங்கிப் போயிட்டு, அதையும் சேர்த்துக்கோ'' என்றார்.

எண்ணியாயிற்று. யாரிடம் கொடுப்பது?

இங்கேதான் பலரும் சோர்ந்துபோவார்கள். தெருவிளக்கும் சந்தும் ஊராட்சியின் பொறுப்பு. மெயின் ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊராட்சித் தலைவர் நினைத்தாலும் அந்த ரோட்டில் ஒரு வெள்ளைக்கோடு போட முடியாது. ஆனால், கிராமத்துக்கு ஒரு வசதி உண்டு. சென்னை போன்ற நகரங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் 'பகுதி சபை' நடைமுறைக்கு வந்ததே 2022-ல். கிராம சபையோ 1994-ம் வருட ஊராட்சிகள் சட்டத்திலேயே இருக்கிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் யாரும் போய்ப் பேசலாம்.

ஆகஸ்ட் 15 அன்று போனார். மகளின் ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. கூட்டத்தில் குடிதண்ணீர், நூறு நாள் வேலை எல்லாம் பேசி முடித்து, மிட்டாயும் கொடுத்த பிறகு எழுந்தார். கை நடுங்கியது. கவுன்ட்டரில் ஆயிரம் பேரிடம் பேசிய வாய்க்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை. எண்ணிய கணக்கை மட்டும் வாசித்தார்.

பின்னாலிருந்து ஒருவர், ''மேலே நடைமேம்பாலம் கேப்போம், அதான் சேஃப்டி'' என்றார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். கேட்பதற்கு அது பெரிதாகத்தான் இருக்கும். ஆனால், இடுப்பில் பிளேட் வைத்த அம்மா கடகப்பெட்டியோடு முப்பது நாற்பது படி ஏறி இறங்குவாரா? ஏறாமல் கீழேதான் ஓடுவார்கள். மகள் அதைச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், ''எனக்கு வீட்டுத் திண்ணையே ஏற முடியல'' என்றார். சபை சிரித்தது. மேம்பாலம் அதோடு போயிற்று.

கேட்டது சின்ன விஷயங்கள்தான். சந்தைக்கு நேராக ரோட்டை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, அதன் மேல் வெள்ளைப்பட்டை. வருகிற வண்டி தானாக வேகம் குறையும். நடுத்திட்டில் நாலு பேர் சுமையோடு நின்று மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அப்போது ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து வண்டியை மட்டும் பார்த்தால் போதும். ஓரத்தில் 1.8 மீட்டர் நடைபாதை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் குறைந்தபட்சம் என்று சொல்லும் அளவுதான் அது, கூட ஒன்றும் இல்லை. 'ஆம்புலன்ஸுக்குத் தடையா இருக்காதா?' என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தென்காசி அரசு மருத்துவமனைக்கு ஓடுகிற வண்டிகள் அந்த வழிதானே. வேகத்தடை மாதிரி தூக்கிப்போடாமல், சரிவாக ஏறி இறங்கும்படி கேட்கலாம் என்று முடிவானது.

தீர்மானம் எழுதினார்கள். அதன் நகலோடு, தென்காசி கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஆறு பேர் போனார்கள். டீக்கடை அண்ணாச்சியும் கடையை அடைத்துவிட்டுப் போனார். மனு நம்பர் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனதாக அண்ணாச்சி சொல்கிறார். எதற்காக அளந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்னமும் புலம்புகிறார்.

மகள் சென்னைக்குத் திரும்பிவிட்டார். இருந்த லீவு அவ்வளவுதான். மதியம் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அம்மாவுக்கு போன் போடுவது வழக்கம். காந்தி ஜெயந்தி சபைக்கு யார் யார் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்வார்.

அம்மா வாக்கரை விட்டுக் கம்புக்கு வந்துவிட்டார். இன்னும் சந்தைக்குப் போகவில்லை. காயைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். ஆனால், காலையில் மினி பஸ்ஸில் ஏறி வந்து, ரோட்டின் இந்தப் பக்கத்திலேயே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாராம். எதற்கு என்று மகள் கேட்டதற்கு, ''சும்மா இருக்க முடியலட்டி'' என்றார். பிறகு, ''நேத்து சந்தை நாளு மாதிரி கூட்டம். கொட்டை பத்தல. வாரப்ப இன்னும் கொஞ்சம் மொச்சை வாங்கிட்டு வா'' என்றார்.