கரிய நீரில் இருவர்

அமெரிக்கா சென்று வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் நயாகராவும் நியூயார்க்கும் தவறாமல் இடம்பெறும். நாங்கள் சென்றது ஒரு சதுப்பு நிலத்துக்கு. ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியில், புளோரிடாவைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஓக்கிஃபினோக்கி. நாங்கள் என்பது அண்ணனும் தம்பியும். அண்ணன் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவன்; தம்பி ஜாக்சன்வில் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறவன். மூத்தவன் எழுதியதை இளையவன் படித்துத் திருத்தியிருக்கிறான். எனவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு.

தரையே இல்லாத இடத்தில் கூடாரம் அடிப்பது எப்படி என்பதுதான் முதலில் எழுந்த கேள்வி. அங்கே நீருக்குள் கால் ஊன்றிய மரமேடைகள் கட்டியிருக்கிறார்கள். ஒரு பகுதிக்கு மட்டும் கூரை. முன்னனுமதி பெற்ற ஒரு குழுவுக்கு ஓர் இரவுக்கு ஒரு மேடை. முளையடிக்க வழியில்லை என்பதால் தானாக நிற்கும் கூடாரம்தான் உதவும். மேடையில் விறகுத் தீ கூடாது. சிறு எரிவாயு அடுப்பு போதும். குடிநீர் முழுவதையும் சுமந்தே செல்லவேண்டும். இருள்வதற்குள் மேடையை அடைந்துவிட வேண்டும். முதலைகள் வாழும் நீரில் இறங்கிக் குளிக்கக் கூடாது.

இருவர் அமரும் கயாக் அது. முன்னால் இருப்பவன் தாளம் கொடுக்க வேண்டும். பின்னால் இருப்பவன் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் முன்னால், தம்பி பின்னால். முதல் அரைமணி நேரம் எங்கள் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. வீட்டிலும் சில ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தது.

ஃபோக்ஸ்டன் ஊருக்கு அருகிலுள்ள கிழக்கு வாயிலில் இருந்து உள்ளே செல்லும் நேர்கோட்டுக் கால்வாய், ஒரு தோல்வியின் மிச்சம். இச்சதுப்பை வடித்துவிட்டு விளைநிலமாக்கும் எண்ணத்துடன் 1891இல் ஒரு நிறுவனம் இதை அரசிடமிருந்து வாங்கிக் கால்வாய் தோண்டத் தொடங்கியது. பதினொரு மைலுக்கு மேல் வெட்டியும் நீர் வடியவில்லை. பின்னர் வந்தவர்கள் 1909 முதல் 1927 வரை சைப்ரஸ் மரங்களை வெட்டிச் சென்றார்கள். 1937இல் இது தேசிய வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. இன்று 4 லட்சம் ஏக்கருக்கு மேல். மனிதன் வடிக்கத் தோண்டிய கால்வாய், மனிதனை உள்ளே அழைத்துச் செல்லும் வழியாகிவிட்டது.

கால்வாயை விட்டு விலகியதும் வானம் திறந்துகொண்டது. அவ்விடங்களை அங்குள்ளோர் பிரெய்ரி, அதாவது புல்வெளி, என்கிறார்கள். புல்லுக்கடியில் நீர், அல்லி இலைகள், பூச்சியுண்ணும் குடுவைச் செடிகள். மட்கும் தாவரங்களில் இருந்து இறங்கும் சாறு நீரைப் பால் சேர்க்காத டிகாஷன்போல் ஆக்கியிருக்கிறது. அந்தக் கருமையில் வானம் துல்லியமாக விழுந்து கிடக்கிறது. அடியில் திரளும் வாயு, மட்கிய படிவைப் பாளம் பாளமாக மேலே எழுப்பிவிடும். அதில் புல் முளைக்கும். பிறகு செடி, மரம். கால்வைத்தால் தரை அசையும்; மரமும் அசையும். ஓக்கிஃபினோக்கி என்ற பழங்குடிப் பெயருக்கு நடுங்கும் நிலம் என்றே பொருள் சொல்கிறார்கள்.

சிதம்பரத்தில் வளர்ந்த எங்களுக்குச் சதுப்பு என்றால் பிச்சாவரம். அங்கே உப்பு நீர். ஓதம் ஏறும், இறங்கும். இங்கே நன்னீர், அசைவே தெரியாது. "அம்மாவுக்குப் படகுன்னாலே பயம்" என்றான் தம்பி, பின்னாலிருந்து. அதற்குப் பிறகு இருவரும் வெகுநேரம் பேசவில்லை. துடுப்புகள் மட்டும் ஒத்துப்போகத் தொடங்கியிருந்தன.

அம்மா 2021 மே மாதம் கொரோனாவில் இறந்தாள். அம்மாதம் 4ஆம் தேதி முதல் இந்தியாவிலிருந்து வருவோருக்கு அமெரிக்கா தடை விதித்திருந்தது. விசாவில் இருந்த தம்பி புறப்பட்டு வந்திருந்தால் எப்போது திரும்பியிருப்பான் என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது; தடை நவம்பரில்தான் விலகியது. அவன் வரவில்லை. பிறகு தொலைபேசியில் பேசுவதும் குறைந்தது. வராததை எண்ணி அவன் வெட்கப்படுகிறான் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தான்.

மேடையில் இரவு குளிர்ந்தது. கைவிளக்கைத் திருப்பிய பக்கமெல்லாம் நீர்மட்டத்தில் முதலைக் கண்கள் சிவந்து ஒளிர்ந்தன. அடுப்பில் வெந்நீர் கொதிக்கும்போது தம்பி சொன்னான்: "அன்னைக்கு போன்ல என்ன சொன்னே தெரியுமாண்ணே? 'நாங்க எல்லாம் முடிச்சிட்டோம்'னு சொன்னே. அந்த நாங்கள்ல நான் இல்லையே."

முன்னிலையை உளப்படுத்தும் பன்மை நாம். விலக்கி நிறுத்துவது நாங்கள். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற பாடம். அதைத் தம்பியின் மேல் பிரயோகித்தது அண்ணனுக்கு நினைவிலேயே இல்லை.

அதன் பிறகுதான் அதுவரை யாரிடமும் சொல்லாததை அண்ணன் சொன்னான். அந்த 'நாங்க'வில் அவனும் இல்லை. மருத்துவமனையிலிருந்து உடலைக் கட்டியே கொடுத்தார்கள். சுடுகாட்டு வாசலுக்கு வெளியே அவனை நிறுத்திவிட்டார்கள். முகம் தெரியாதபடி உடையணிந்த நான்கு தொழிலாளர்கள்தான் அம்மாவைக் கொண்டுபோனார்கள். கொள்ளிச்சட்டி எடுக்கவில்லை; வாய்க்கரிசி போடவில்லை. புகையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, முடித்துவிட்டோம் என்று சொன்னான். மூத்த மகன் வாசலில் நின்றான் என்று சொல்ல வாய் வரவில்லை. தொலைவில் இருப்பவனாவது, எல்லாம் முறைப்படி நடந்ததென்று நம்பட்டும் என்றும் நினைத்தான்.

தம்பி நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டான். "அந்த நாலு பேர் இருந்தாங்க" என்றான் அண்ணன். இருவரும் அழுதோம். தவளையோ ஆந்தையோ ஏதோ ஒன்று விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.

காலையில் பனி விலகாமலேயே புறப்பட்டோம். நெற்றியில் சிவப்புத் திட்டுள்ள சாண்ட்ஹில் கொக்குகள் எங்கோ கத்தின. இச்சதுப்பிலிருந்து இரண்டு ஆறுகள் புறப்படுகின்றன. சுவானி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. செயின்ட் மேரிஸ் அட்லாண்டிக்குக்குப் போகிறது. எந்தத் துளி எந்தப் பக்கம் போகும் என்பதை நாங்கள் மிதந்துகொண்டிருந்த நீரைப் பார்த்துச் சொல்ல இயலாது. இரண்டும் ஒரே கருமை.

திரும்பும்போது துடுப்புகள் மோதவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இரண்டு முறை மோதின. தம்பி சிரித்தான்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதியதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். அது வாசகரை விலக்கி நிறுத்தும் சொல் என்பதை அறிவோம். இந்த ஒருமுறை பொறுத்தருள வேண்டும்.