பெயர் எழுதும் கட்டம்

பிரான்சுக்குக் கவிதை வாசிக்கப் போயிருந்தேன். நிகழ்ச்சி முடிந்தபின் இரண்டு நாள் மிச்சமிருந்தது. பாரிஸிலிருந்து ரயிலேறி அவின்யோன் போனேன். அங்கே கிரியோன் சதுக்கத்தில் யூரோப் ஹோட்டல் இருக்கிறது. 1580இல் ஒரு பிரபுவின் மாளிகையாகக் கட்டப்பட்டது, 1799 முதல் விடுதி. என் சொந்தப் பணத்தில் ஓர் இரவுக்கு அறை எடுத்தேன். வாடகையைச் சொன்னதும் அம்மா போனில் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தனியாவா?" என்றார். அவருக்கு அதுதான் பெரிய செலவாகப் பட்டது.

நாற்பத்தாறு வயதில் எனக்காக நான் எடுத்த முதல் அறை அது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, மரியாதையாக, 'மதாம்' என்று சொல்லி என் கணவரின் பெயரால் அழைத்தார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்று எப்போதோ அதில் அவர் பெயரை எழுதியது நான்தான்.

நான் தேடி வந்த பெண்ணின் பெயரும் இப்படி மாறிக்கொண்டே போனதுதான். பிறந்தபோது ஹேரியட் ஹார்டி. முதல் திருமணத்தில் டெய்லர். 1851இல் ஜான் ஸ்டூவர்ட் மில்லை மணந்தபின் மில். பெண்களின் வாக்குரிமைக்காக அவர் எழுதிய கட்டுரை அதே ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ இதழில் பெயரே இல்லாமல் வந்தது. 1858இல் குளிர்காலத்தைத் தெற்கே கழிக்கப் போகும் வழியில் நோய் முற்றி, நவம்பர் 3 அன்று இந்த விடுதியில் இறந்தார். எந்த அறை என்று நான் கேட்கவில்லை.

கல்லறைக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கிக்கொண்டார் மில். ஹேரியட் இறந்த அறையின் சாமான்களையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். மறு ஆண்டு வந்த சுதந்திரம் பற்றிய நூலை ஹேரியட்டுக்குச் சமர்ப்பித்தார். அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் இருவரும் சேர்ந்தே பலமுறை திருத்தியதாகத் தன் வரலாற்றிலும் எழுதினார். ஆனால் அட்டையில் அவர் பெயர் மட்டும். காதல் கண்ணை மறைத்துவிட்டது என்று சொல்லிப் பின்னால் வந்த அறிஞர்கள் பலர் அந்த வாக்குமூலத்தையும் ஒதுக்கினார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணவரின் முனைவர் பட்ட ஆய்வு நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றியது. ஒப்பாரி பாடும் பெண்கள் ஓர் ஆண் முன்னால் வாய் திறக்கவில்லை. அதனால் குறிப்பேட்டோடு நான் போனேன். நான் எழுதிக்கொண்டு வந்ததுதான் மூன்றாம் இயல். புத்தகமானபோது நன்றியுரையில் 'பொறுமையோடு துணைநின்ற துணைவியார்' ஆனேன். அப்போது எனக்கு அதில் சந்தோஷம்கூட.

காலையில் நகர மதிலுக்கு வெளியே சேன்-வெரான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வெள்ளைப் பளிங்கில் ஹேரியட்டின் அறிவையும் மனத்தையும் புகழ்ந்து நீண்ட வாசகம். 1873இல் மில்லும் அதே கல்லறையில் வந்து சேர்ந்தார். உருகத்தான் தோன்றியது. ஆனால் மில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதன் ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர். இருவரும் சேர்ந்து திருத்திய அதே நூல், நம்மைப் போன்ற 'பின்தங்கிய' மக்களுக்குச் சுதந்திரம் இன்னும் பொருந்தாது என்றும் சொல்கிறது. பெண் விடுதலைக்கு வாதாடியவர்களின் கணக்கிலும் விட்டுப்போனவர்கள் இருந்தார்கள்.

அப்போதுதான் என் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. ஒப்பாரி பாடிய பதினோரு பெண்களின் பெயர்களை அதில் எழுதியிருந்தேன். புத்தகத்தில் அவர்கள் 'தகவலாளிகள்'. என் பெயர் விட்டுப்போனதை நினைத்து விழித்துக்கிடந்த இரவு முழுக்க அவர்களில் ஒருவர்கூட என் நினைவுக்கு வரவில்லை.

விடுதிக்குத் திரும்பி, முற்றத்தில் பிளேன் மரத்தடியில் உட்கார்ந்தேன். கணவரிடமிருந்து செய்தி வந்திருந்தது: "ரெண்டாம் பதிப்பு போடறாங்க. வந்ததும் ஒருதடவ மெய்ப்புப் பாத்துக் குடு."

"பாக்கறேன். மூணாவது இயல்ல என் பேரும் பாடுன பதினோரு பேரோட பேரும் வரணும்," என்று அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. நீரூற்றுச் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பதில் வரவில்லை. அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன்.