கம்பியும் கட்டும்

உயிரணுவுக்குள் ஓர் எலும்புக்கூடு இருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் எனக்கு அந்தச் சொல் சரியாகப் படுவதில்லை. எலும்புக்கூடு என்றால் அப்படியே நிற்கும். இது சைட்டில் நாங்கள் கட்டும் சாரம் மாதிரி. ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் கழன்றுகொண்டிருக்கும்.

இந்தச் சாரத்தின் முக்கியமான கம்பி ஆக்டின் என்ற புரத இழை. தடிப்பு சுமார் 7 நானோமீட்டர். ஆனால் கம்பி தானாக எதையும் முடிவு செய்வதில்லை. அதில் வந்து ஒட்டும் மற்ற புரதங்கள்தான் மேஸ்திரிகள். ஆர்ப் 2/3 என்பது பழைய இழையின் பக்கவாட்டில், ஏறக்குறைய 70 பாகைச் சாய்வில், புதுக் கிளையைத் தொடங்கி வைக்கும். கேப்பிங் புரதம் முனையை மூடி வளர்ச்சியை நிறுத்தும். ஃபிலமின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும். கோஃபிலின் பழைய இழைகளை வெட்டும். அந்தத் துண்டுகள் கரைந்து மறுபடியும் புது இழைக்கே பயன்படும். ஒரு வெள்ளையணு கிருமியைத் தேடி நகர்வதற்கு, கட்டுபவர் எவ்வளவு தேவையோ வெட்டுபவரும் அவ்வளவு தேவை.

பொறியியல் படித்தவன் இதையெல்லாம் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பெரியம்மா மகளின் பையன். நடக்க ஆரம்பித்த காலத்தில் அவனுடைய கெண்டைக்கால் தடிப்பாக இருக்கும். "நல்லா ஃபுட்பால் ஆடுவான் பாரு," என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான்கு வயதில், தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி, தன் மேலேயே ஏறுவதுபோல எழுந்தான். டூஷென் தசைச் சிதைவு என்றார் டாக்டர்.

"தம்பி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்று கேட்டார் அக்கா.

தசையில் ஆக்டினுக்குக் குறைவே இல்லை. அவனிடம் இல்லாதது டிஸ்ட்ரோஃபின். 1987இல் அடையாளம் காணப்பட்ட புரதம் அது. அதன் ஒரு முனை ஆக்டினைப் பிடிக்கும், மறுமுனை அணுவின் சவ்வில் இருக்கும் புரதங்களைப் பிடிக்கும். குழாய் எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும், சுவரோடு பிடிக்கும் டை இல்லாவிட்டால் சாரம் ஆடத்தான் செய்யும். தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் சவ்வு கிழிகிறது. கால்சியம் உள்ளே புகுகிறது. நார்கள் செத்து, அந்த இடத்தில் கொழுப்பும் வேறு திசுவும் நிரம்புகின்றன. நாங்கள் பலம் என்று நினைத்த தடிப்பு அதனால் வந்தது.

இதைக் கேட்டபின் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. மகப்பேற்றின்போது என்ன சாப்பிட்டாய், எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போகாமல் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவரிடம் அதுவரை பதில் இருந்ததில்லை. ஆனால் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பரிசோதனையில் அக்காவிடமும் அந்தப் பிழை இருப்பது தெரிந்திருந்தது.

"அப்போ எங்கிட்டேர்ந்துதானே போச்சு?"

பொய் சொல்ல முடியாது. "ஆமாக்கா. ஆனா நீங்க செஞ்சது எதுவும் இல்ல. உங்களோட இன்னொரு எக்ஸ் நல்லா இருக்கு, அதனால உங்களுக்கு ஒண்ணும் தெரியல. எது பிள்ளைக்குப் போகணும்னு யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. சில பிள்ளைங்களுக்கு அம்மாகிட்ட இல்லாமலே புதுசா வருது."

20 லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீளமுள்ள மரபணு அது. மனிதனிடம் உள்ள மிகப் பெரிய மரபணுக்களில் ஒன்று. அவ்வளவையும் நகலெடுக்கும்போது எங்கோ ஒரு பகுதி விடுபடுகிறது. அதற்குப் பாவ புண்ணியக் கணக்கு தெரியாது.

ஸ்டீராய்டு மருந்து அவன் நடக்கும் காலத்தைக் கொஞ்சம் நீட்டித் தரும். அறுந்த கட்டை அது திரும்பக் கட்டித் தராது. என் விளக்கமும்தான். ஆனால் போன தீபாவளிக்கு ஒரு சித்தி பழையபடி ஆரம்பித்தபோது, அக்கா தலைகுனியவில்லை. பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்க சித்தி, சொல்றேன்," என்றார். பிறகு ஆக்டினிலிருந்து தொடங்கினார்.