டிஸ்கஸ் குஞ்சு பொரிக்க மழைத்தண்ணீர்

பால் காசில், சென்னை கொளத்தூரில் வாங்கி வந்த டிஸ்கஸ் மீன் ஜோடி அன்னவாசல் வீட்டுத் தொட்டியில் மூன்று முறை முட்டையிட்டது. மூன்று முறையும் முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடித்தது. விற்றுவிடலாம் என்றார் வீட்டுக்காரர்.

கோளாறு மீனில் இல்லை. அமேசான் ஆற்று மென்னீரில் வாழும் இனம் இது. போர் தண்ணீரின் சுண்ணாம்பில் முட்டை பொரிப்பது அரிது. அவர் மனைவி முதல் மழையை விட்டு, அடுத்த மழைத்தண்ணீரைப் பிடித்து, போர் தண்ணீரோடு கலந்து, சில வாரங்களில் மெல்ல மெல்ல மாற்றினார். வெறும் மழைத்தண்ணீர் ஆகாது; திடீரென அமிலம் ஏறிவிடும். சூடு 28 முதல் 30 டிகிரி.

நான்காம் முறை மூன்றே நாளில் பொரித்தது. பலரும் குஞ்சுகளை உடனே தனித்தொட்டிக்கு மாற்றிச் சாகடிப்பார்கள். தாய், தகப்பன் உடம்பில் சுரக்கும் கோழைதான் அவற்றுக்குப் பால். ஒரு வாரம் கழித்துத்தான் ஆர்ட்டீமியா போட்டார்கள்.